நான்கு குதிரைகளும் மாமாவின் கொக்கியும்

என் அத்தையைக் கட்டிய மாமா நகர அரங்கத்தின் காப்பாளர். அறுநூறு நாற்காலிகள், நாற்பத்திரண்டு விளக்குகள், பதினெட்டு உயர ஜன்னல்கள், மேடைக்கு ஒரு திரை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, இவ்வளவும் அவர் பொறுப்பு. குடியிருப்பும் அங்கேதான். மேடையின் பின்சுவரை ஒட்டி இரண்டு அறைகள். அத்தையின் தையல் மெஷின் மேல் இருக்கும் ஜன்னலைத் திறந்தால் மேடையில் ஒத்திகை பார்ப்பவர்களின் பாட்டு அப்படியே கேட்கும். இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் வாங்காமல் கச்சேரி கேட்கிறேன் என்று அத்தை பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மாமாவிடம் ஒரே ஒரு குறை. யாரும் சொல்வதற்கு முன்பே காரியத்தை முடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தவர்கள் "சரி, அப்போ..." என்று இழுத்தால் போதும், அவர்களுடைய செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்து நிற்பார். அவர்கள் சொல்ல வந்தது, "சரி, அப்போ இன்னொரு டீ குடிக்கலாமா" என்பதாக இருந்திருக்கும். அத்தையின் அக்கா இதற்காகவே ஒரு வருடம் அந்தப் பக்கம் வரவில்லை. "உன் வீட்டுக்காரர் என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலை, அவ்வளவுதான்" என்று போனில் சொன்னாராம்.

அரங்கத்திலும் இதே கதைதான். பேச்சாளர் "கடைசியாக" என்று சொன்ன உடனே மாமா கடைசி வரிசை நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார். பேச்சாளர்களுக்கு "கடைசியாக" என்பது பாதி தூரம் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதையெல்லாம் ஊர் சிரித்து விட்டுவிட்டது. ஆனால் ஒருமுறை ஒரு பாடகர் குழு இறுதிப் பாட்டின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியது. மாமா பாட்டு முடிந்தது என்று திரையை இறக்கிவிட்டார். திரைக்குப் பின்னால் இருபது பேர், முன்னால் இரண்டு பேர். முன்னால் மாட்டிக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர் அரங்கச் செயலாளரின் மனைவி. இன்னொருவர் திரைக்குள் நழுவிவிட, அவர் தனியாக நின்று மீதிப் பாட்டைப் பாடி முடித்தார். அவருக்கு அந்தப் பாட்டில் "ஆ" என்பது மட்டும்தான் பங்கு.

மறுநாள் செயலாளர் மாமாவைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தண்ணீர் பம்ப் நிலையத்துக்கு மாமாவை மாற்றும் உத்தரவு. எல்லாம் டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. தேதி மட்டும் காலி.

"இன்னும் ஒரே ஒரு தடவை முந்துங்க," என்றார் செயலாளர், தாளை மேஜை இழுப்பறைக்குள் வைத்தபடி. "தேதியைப் போட்டுடறேன். அங்க போய் தண்ணிக்கு முன்னாடி ஓடுங்க."

பம்ப் நிலையத்துக் குடியிருப்பு ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார். அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கச்சேரி அங்கேயும் உண்டு," என்றாள். "ஒரே சுருதி. நிக்கவே நிக்காது." சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் தைத்த சட்டைக்கு இரண்டு கைகளும் இடதுகையாக வந்தன.

இந்த நிலையில்தான் அரங்கத்தில் சதுரங்கப் போட்டி வந்தது.

சாதாரணப் போட்டி இல்லை. கிராண்ட்மாஸ்டர்கள், அதாவது சதுரங்கத்தில் அதற்கு மேல் பட்டமே இல்லாதவர்கள், எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மேடையில் நான்கு மேஜைகள். முதல் மேஜை ஆட்டத்தைக் கூட்டம் பார்ப்பதற்காகப் பக்கச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய பலகை மாட்டினார்கள். கட்டத்துக்கு ஓர் ஆணி. தகரத்தில் வெட்டி வண்ணம் அடித்த காய்களை அந்த ஆணிகளில் தொங்கவிட வேண்டும். மேல் வரிசைக்கு யாருக்கும் கை எட்டவில்லை. நுனியில் கொக்கி வைத்த நீளக் கழி ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது. உயர ஜன்னல்களைத் திறக்க மாமா வைத்திருந்த கழி அது. கழியை இரவல் கேட்டார்கள். கழியை மட்டும் யாருக்கும் தருவதில்லை என்று மாமா சொல்லிவிட்டார். ஆகவே அவரும் கழியோடு சேர்ந்து போட்டிக்கு வந்தார்.

செயலாளர் அவரைத் தனியே அழைத்தார். "சீட்டு வரும். சீட்டுல என்ன இருக்கோ அதை மட்டும் செய்யணும். சீட்டு வந்த பிறகு."

"வந்த பிறகு, சார்," என்றார் மாமா. செயலாளர் வாயை மூடுவதற்கு ஒரு விநாடி முன்பே சொல்லிவிட்டார்.

ஏற்பாடு எளிமையானது. மேடையில் ஒருவர் காயை நகர்த்தியதும் உதவி நடுவர் அம்மாள் அதை நகர்வு எண்ணோடு ஒரு சீட்டில் எழுதி மேடை ஓரத்தில் நீட்டுவார். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடப்பவர். மாமா சீட்டைப் படித்து, காயை மாற்றி மாட்டிவிட்டு, சீட்டைப் பக்கத்திலிருக்கும் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். பலகையின் அடியில் ஏ முதல் எச் வரை எழுத்துகள், பக்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்கள். "குதிரை, சி மூன்று" என்றிருந்தால் சி வரிசையில் மூன்றாவது ஆணி. மாமாவுக்கு ஆட்டம் தெரியாது. ஆணி தெரியும்.

அத்தையும் நானும் முதல் வரிசையில், பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தோம். முந்நூறு பேர் இருந்த கூட்டத்தில் ஒரு பொத்தான் விழுந்தால்கூடக் கேட்கும்.

முதல் மேஜையில் வெள்ளைக்காய்க்கு ஒரு கண்ணாடிக்காரர், கறுப்புக்கு ஒரு தாடிக்காரர். கண்ணாடிக்காரர் ராஜாவுக்கு முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். தாடிக்காரரும் தன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். வெள்ளை வலப்பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்தது. கறுப்பும் அதே பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்தது. மாமா சீட்டைப் பார்த்து மாட்டினார், நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. நாற்காலி போடும்போது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் அவர். மேடையில் இருப்பவர்கள் இவ்வளவு ஒழுங்காக விளையாடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது நகர்வில் வெள்ளையின் அடுத்த குதிரையும் வெளியே வந்தது. மாமாவின் கொக்கி தானாக மேலே போய்க் கறுப்பின் அடுத்த குதிரையைத் தூக்கியது. அது காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே சீட்டு வந்தது. அதே குதிரை, அதே ஆணி.

இப்போது பலகையில் நான்கு குதிரைகளும் வெளியே வந்து, மேல் பாதி கீழ்ப் பாதியின் கண்ணாடி பிம்பமாக நின்றது. ஆட்டம் தெரிந்தவர்கள் இதை நான்கு குதிரைத் தொடக்கம் என்பார்கள். ரொம்பப் பழையது, ரொம்ப மரியாதையானது. மாமாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் அதன் போக்கு முழுசாகப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

நான்காவது நகர்வு. வெள்ளை தன் மந்திரியை, அதாவது பிஷப்பை, மூலைவாட்டில் ஓட்டிக் கறுப்புக் குதிரை ஒன்றுக்கு எதிரே நிறுத்தியது. மாமா அதை மாட்டினார். பிறகு, கழியை இறக்காமலேயே, கறுப்பு மந்திரியையும் அதே மாதிரி ஓட்டி எதிர்ப்பக்கத்து வெள்ளைக் குதிரைக்கு நேரே மாட்டிவிட்டார். அரை நிமிடம் கழித்து உதவி நடுவர் அம்மாள் சீட்டை நீட்டினார். மாமா, 'ஆயிற்று அம்மா' என்பதுபோல் தலையை ஆட்டி, அதைப் படிக்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சீட்டில் மந்திரி இல்லை. தாடிக்காரர் காப்பியடிப்பதை நிறுத்திவிட்டு, சி ஆறில் நின்ற குதிரையை நடுப்பலகையில் டி நான்குக்குத் தாவ விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு மாமாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த சீட்டில் வெள்ளை மந்திரி ஒரு கட்டம் பின்வாங்கியது. அதற்கடுத்த சீட்டில் "கறுப்பு மந்திரி, சி ஐந்து" என்றிருந்தது. மேடையில் அந்த மந்திரி அப்போதுதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. சுவரில் அது ஏற்கெனவே வெளியே நின்றதால், ஒரு கட்டம் நகர்ந்து அதே ஆணியில் போய்த் தொங்கியது. மேடைக்கும் சுவருக்கும் ஒரே ஒரு குதிரைதான் வித்தியாசம். மேடையில் அது டி நான்கில். சுவரில் அது இன்னும் பழைய இடத்திலேயே நின்று, தன் ராஜாவின் சிப்பாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிப்பாயைத்தான் கண்ணாடிக்காரரின் குதிரை வெட்டியது.

மேடையில் அது காவலில்லாத சிப்பாய். தாடிக்காரர் தெரிந்தே விட்டுக்கொடுத்தது. சுவரிலோ ஒரு கிராண்ட்மாஸ்டர் ஒரு சிப்பாய்க்காக முழுக் குதிரையைக் கொண்டுபோய்ப் புலிவாயில் கொடுத்திருந்தார். மாமா அதை மாட்டியதும் முந்நூறு பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். உயர ஜன்னல் ஒன்று படபடத்தது.

தாடிக்காரர் யோசிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வெளிக்கூடத்தில் ஒரு சின்னப் பலகையை வைத்துக்கொண்டு ஊரின் பல் டாக்டர் ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சதுரங்க மன்றத்தின் தலைவர் அவர்தான். அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்து, சுவர்ப் பலகையைக் காப்பியடித்துக்கொண்டு போவார். இப்போது எட்டிப் பார்த்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு ஓடினார். கதவு சரியாகச் சாத்தவில்லை, அவர் குரல் எங்கள் வரைக்கும் வந்தது.

"பாத்தீங்களா! இது பொறி! அந்தக் குதிரையைத் தின்னா என்ன ஆகும்? வெள்ளைச் சிப்பாய் ரெண்டு கட்டம் வந்து, ஒரே நேரத்துல மந்திரியையும் குதிரையையும் மிரட்டும். ஒண்ணு போயே தீரும். ஈறுக்கு உள்ள இருக்கற சொத்தை மாதிரி, வெளிய தெரியாது!"

அவர் சொன்னது முழுக்கச் சரி. விளையாடப்படாத ஓர் ஆட்டத்துக்கு அதைவிடச் சரியான விளக்கம் இருக்க முடியாது.

"நான் அப்பவே பாத்துட்டேன்," என்று இன்னொரு குரல். செயலாளர். "குதிரை கிளம்பும்போதே சொன்னேன், இது ஏதோ விஷமம்னு."

"யார்கிட்ட சார் சொன்னீங்க?"

"மனசுக்குள்ள."

கண்ணாடிக்காரர் எதிராளி யோசிக்கும் நேரத்தில் எழுந்து மேடையில் உலாவினார். ஓரத்துக்கு வந்தவர் தற்செயலாகச் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கழியோடு விறைப்பாக நின்ற மாமாவைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாகத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அவருடைய தோள்கள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கின.

இருபதாவது நிமிடம் தாடிக்காரர் தன் ராஜாவைக் கொண்டுபோய் மூலையில் யானைக்குப் பக்கத்தில் பத்திரமாக உட்கார வைத்தார். குதிரையைத் தொடவில்லை.

"என்னங்க இது," என்று பின் வரிசையில் ஒருவர் அடக்கமுடியாமல் சொல்லிவிட்டார். "கறுப்புக்காரருக்குப் பசியே இல்லையா?"

மாமா ராஜாவையும் யானையையும் மாட்டிவிட்டு வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். கூடவே ஒரு சீட்டு வெளியே வந்து மிதந்து அத்தையின் மடியில் விழுந்தது. அத்தை அதைப் படித்தாள். பலகையின் எழுத்துகளை விரலால் எண்ணினாள். எண்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஏங்க," என்றாள் மூச்சுக் குரலில். "டி நாலுல ஒண்ணுமே இல்லையே."

"இருக்காது. யாரும் அங்க போகலை."

"போயிருக்கு. நாலாவது நகர்வுல. கறுப்புக் குதிரை. உங்க பையிலதான் இருந்துச்சு."

மாமா சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் நாற்பத்திரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தது மாதிரி இருந்தது. அவர் பார்வை பலகைக்குப் போனது, கதவுக்குப் போனது. கதவிடுக்கில் செயலாளரின் முதுகு தெரிந்தது. ஒரு கையில் டீ, இன்னொரு கையால் காற்றில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மோட்டார் சத்தம் கேக்குது," என்றார் மாமா.

"வாயை மூடுங்க. அந்தக் குதிரையை எடுத்து இங்க மாட்டுங்க, அவ்வளவுதானே."

"முந்நூறு பேர் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். அவங்களுக்குத் தெரியுமா, உங்ககிட்ட எந்தச் சீட்டு வந்துச்சுன்னு? உங்க முகத்தை மட்டும் இப்படி வெச்சுக்காதீங்க. எப்பவும் போல வெச்சுக்குங்க."

"எப்பவும் எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி."

வெள்ளையின் அடுத்த சீட்டு வந்தது. சிப்பாயைத் தின்ற குதிரை பின்வாங்குகிறது, டி மூன்று. மாமா அதை மாட்டினார். கழியைக் கீழே இறக்கினார். கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைச் சரிசெய்வதுபோல் பத்து விநாடி நின்றார். பிறகு இன்னொரு சீட்டைப் படிப்பவர் போல அந்தப் பழைய சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்து, கழியை உயர்த்தி, கறுப்புக் குதிரையைத் தூக்கி டி நான்கில் மாட்டினார். நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல்.

கறுப்பின் பதில் நகர்வு என்று கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உண்மையான பதில் வந்தது. கறுப்பு மந்திரி ஒரு கட்டம் பின்வாங்கியது. மாமா அதையும் மாட்டினார். கறுப்பு இரண்டு தடவை அடுத்தடுத்து ஆடியிருந்தது. முந்நூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் தான் கண்ணயர்ந்துவிட்டோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவியிடம் தான் தூங்கவில்லை என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

பல் டாக்டர் மட்டும்தான் ஆபத்து. அவருடைய விளக்கம் முழுவதும் அந்தக் குதிரையின் முதுகில்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். மாமா கழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் காது சிவந்தது. தான்தான் தப்பாகக் காப்பியடித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார் மனிதர். சத்தமில்லாமல் திரும்பிப் போய்ச் சின்னப் பலகையில் தன் குதிரையையும் நகர்த்திவிட்டு, "நான் சொன்ன மாதிரியே நடந்திருக்கு" என்றார். "ஆமா, ஆமா" என்றார் செயலாளர்.

ஆட்டம் முப்பத்தெட்டு நகர்வில் சமனாக முடிந்தது. மறுநாள் காலை போட்டிக் குழு எல்லா ஆட்டங்களையும் அச்சடித்துக் கொடுத்தது. நான்காவது நகர்வில் குதிரை, டி நான்கு. பொறியும் இல்லை, விஷமமும் இல்லை. வெளிக்கூடத்தில் அன்று முழுவதும் பேச்சு மிகக் குறைவாக இருந்தது. டாக்டர் பற்களைப் பற்றிப் பேசினார்.

தப்பித்தோம் என்று அத்தை இனிப்புச் செய்தாள். கொஞ்சம் முந்திவிட்டாள். அந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தால் தொற்றிக்கொள்ளாமல் இருக்குமா?

கடைசி நாள் பரிசளிப்பு முடிந்ததும் கண்ணாடிக்காரர் மேடையிலிருந்து இறங்கி நேராக மாமாவிடம் வந்தார். பக்கத்தில் செயலாளர். கண்ணாடிக்காரர் மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

"ஐயா, என்னோட ஆட்டத்தைவிட உங்க ஆட்டம் நல்லா இருந்துச்சு. உங்க சுவத்துல நான் எவ்வளவு தைரியசாலி! மேஜையில நான் சும்மா கிடந்த ஒரு சிப்பாயைத்தான் எடுத்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். செயலாளர் சிரிக்கவில்லை. அவர் உதடுகள் அசைந்தன. நகர்வுகளை எண்ணுகிறார் என்று தெரிந்தது. நான்கு வந்ததும் நின்றன.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு என் அறைக்கு வாங்க," என்றார்.

மாமா எட்டரைக்கே போய்விட்டார். சாவிக்கொத்து, விசில், பதிவேடு, கழி எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் செயலாளரின் மேஜையில் வைத்தார். கழி மேஜைக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதுக்கு வந்த செயலாளர் அதன் அடியில் குனிந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

"இதையெல்லாம் யார் கேட்டா?"

"கேப்பீங்கன்னு..."

செயலாளர் உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். காலியாக இருந்த இடத்தில் முனையை வைத்தார். எழுதவில்லை.

"அந்தக் குதிரை விஷயம். யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை சார்."

"டாக்டர்கிட்ட?"

"இல்லை சார்."

"நான் வெளிக்கூடத்துல பேசிக்கிட்டிருந்தது... அது உள்ள கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு சார்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "இனிமே சொல்லப் போறீங்களா?"

மாமாவின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. 'ஐயையோ, இல்லை சார்' என்று கேள்வி முடிவதற்குள் சொல்லிவிடுவதுதான் அவர் வழக்கம். வாயைக்கூடத் திறந்தாராம். அப்போது அவர் கண் பேனா முனையில் பட்டது. முந்தின வாரம் மேடையில் எதிராளி நகர்த்தும் வரை கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த தாடிக்காரர் நினைவுக்கு வந்தாராம். மாமா வாயை மூடிக்கொண்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் ஓடியது. செயலாளர் மாமாவைப் பார்த்தார். மாமா தாளைப் பார்த்தார். இருபது விநாடி இருக்கும் என்பார் மாமா. அவர் கணக்கில் இருபது என்றால் நிஜத்தில் எட்டு இருக்கலாம்.

செயலாளர் பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்து, கிழித்து, குப்பைக் கூடையில் போட்டார்.

"இல்லை சார்," என்றார் மாமா.

"சரி, அப்போ..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமா கழியையும் சாவியையும் அள்ளிக்கொண்டு படியில் பாதி இறங்கியிருந்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நாற்காலிகள் போட்டாக வேண்டும்.